படகு போனால் கால்வாய் பிழைக்கும்

கணியூர் ராஜவாய்க்காலில் படகு விட முடியுமா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது கேட்டால், முடியாது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஏன் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நல்ல இயற்பியல் பாடம் அது.

அமராவதியின் பழைய ஆயக்கட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் எட்டு ராஜவாய்க்கால்களில் எங்கள் கணியூர் வாய்க்காலும் ஒன்று. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கடத்தூர், காரத்தொழுவு ஆகியவை மற்றவை. 1950-களில் அமராவதி அணை எழும்புவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. வெட்டியவர்கள் தரையின் வாட்டத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். வாட்டம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து மேடு தட்டும். இரண்டுக்கும் நடுவில், தண்ணீர் தன் எடையாலேயே கடைமடை வரை போய்ச் சேரும்படி வெட்டிய வாய்க்கால் இது. இதில் ஒரு பரிசலை விட்டால் போகும், திரும்பி வராது.

படகுக்கென்று வெட்டும் கால்வாயின் இலக்கணம் நேர் எதிர். அங்கே தண்ணீர் ஓடக் கூடாது, நிற்க வேண்டும். தரை ஏறி இறங்கும் இடத்தில் 'லாக்' என்ற நீர்க்கூண்டு கட்டுவார்கள். முன்னும் பின்னும் இரண்டு கதவுகள், நடுவில் ஒரு தொட்டி. கீழேயிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, மேல்பக்கத்து மதகைத் திறந்தால் தொட்டி நிரம்பும். படகு தானாக மேலே வரும். இரு பக்கமும் நீர்மட்டம் சமமானதும் முன்கதவைத் திறந்து வெளியே போய்விடலாம். எந்திரமே தேவையில்லை, தண்ணீர் கீழே விழும் சக்தி போதும். நின்ற நீரில் உராய்வு மிகக் குறைவு என்பதால் சாலையில் சுமார் இரண்டு டன் இழுக்கும் ஒரு குதிரை, கால்வாய்ப் படகில் 30 டன் இழுக்கும். ரயில் வருவதற்கு முன்பு உலகம் முழுக்கக் கால்வாய் வெட்டினார்கள் என்றால், அதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கால்வாய் ஒன்று உண்டு. பக்கிங்காம் கால்வாய். 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டியதில் தொடங்கியது. பிறகு பழவேற்காட்டைத் தாண்டி வடக்கே நீண்டது, தெற்கேயும் நீண்டது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு மட்டும் பாக்கியிருந்தது. தாது வருஷப் பஞ்சம் அதை முடித்து வைத்தது. 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக, பட்டினியில் துவண்டு வந்த ஜனங்கள் கூலிக்கு வெட்டிய சுமார் 8 கிலோமீட்டர் அது. பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆந்திரத்தின் பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை மொத்தம் 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுப் பங்கு 163, சென்னைக்குள் 31. விறகு, உப்பு, சிப்பிச் சுண்ணாம்பு, நெல் எல்லாம் இதில் வந்து இறங்கின. காற்று இருந்தால் பாய்; இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். மாமல்லபுரம் போகிறவர்கள் சென்னையில் மாலையில் படகேறி, வெயில் தொந்தரவில்லாமல் இரவெல்லாம் மிதந்து, விடிந்ததும் போய்ச் சேர்வது அன்று சாதாரணமான வழக்கம். பாரதிதாசன் தன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் போன பயணம்தான் 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டானது.

இன்று அதே இரவில் மயிலாப்பூர் பக்கம் கால்வாய்க் கரையில் ஐந்து நிமிடம் நிற்பதே பெரும்பாடு. பகலில் ஓரளவு பொறுக்க முடிகிற நாற்றம், ராத்திரி பத்து மணிக்கு மேல் தாங்க முடியாமல் போகும். இது மனப்பிரமை இல்லை, வேதியியல்.

தண்ணீருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கொண்டுதான் மீனும் நல்ல நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 டிகிரி குளிர்நீரோ பதினொன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளும். ஆக, நம் ஊர் நீர்நிலை ஒவ்வொன்றும் குறைந்த கையிருப்போடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. அதில் சாக்கடை கலந்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அந்த இருப்பைத் தின்று தீர்க்கும். பகலில் பாசி கொஞ்சம் ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் நின்று, பாசியே மூச்சுக்கு ஆக்சிஜன் எடுக்கத் தொடங்கும். விடியற்காலைக்குச் சற்று முன்புதான் இருப்பு மிகக் குறைவு. குளத்தில் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் காலையில் கண்ணில் படுவது இதனால்தான்.

ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறொரு கூட்டம் வேலைக்கு வருகிறது: சல்பேட்டைக் கொண்டு உயிர்வாழும் பாக்டீரியாக்கள். கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் உண்டு. பக்கிங்காம் கால்வாய் கடலோரத்து உப்பங்கழிகளோடு தொடர்புள்ளது என்பதால் அந்தப் பாக்டீரியாக்களுக்கு இங்கே தீனிப் பஞ்சமே இல்லை. அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பதும் இந்த வாயுதான். அடிச்சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து அதை மை போலக் கறுப்பாக்குவதும் இதுவே. காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கனமானது. பகலில் தரை சூடேறிக் காற்று மேலே கிளம்பும்போது வாயுவும் கலைந்துபோகும். இரவில் தரை குளிர்ந்து காற்று அசையாமல் நின்றுவிடும், வாயுவும் கால்வாய்க்குள்ளேயே தங்கிவிடும். செறிவு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மனிதரைக் கழிவுக்குழிக்குள் இறக்குவது கொலை என்று சொல்வதற்கு இந்த ஒரு உண்மை போதும்.

எப்படி இந்த நிலைக்கு வந்தது? பலரும் சாக்கடையைத்தான் முதல் குற்றவாளியாகச் சொல்வார்கள். எனக்கு வேறு வரிசை தெரிகிறது. ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1960-களின் நடுவில் அடித்த புயல்கள் கரையையும் கதவுகளையும் சேதப்படுத்தின. செப்பனிட்டுத் தரச்சொல்லிச் சண்டை போடும் அளவுக்குப் படகுக்காரர்கள் அப்போது மிச்சமில்லை. கேட்க ஆள் இல்லாத நீரில் யார் வேண்டுமானாலும் குழாயைத் திருப்பிவிடலாம் அல்லவா? கழிவு வந்தது, ஆகாயத்தாமரை வந்தது, முகத்துவாரங்களில் மணல் மேடிட்டுக் கடல்நீரின் ஏற்ற இறக்கம் குறைந்தது. கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்ப் படுகையிலேயே இறங்கின. 1995-ல் சேப்பாக்கம் வரையும், 1997-ல் திருமயிலை வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் ரயில் ஓடியது. படகு ஓடிக்கொண்டிருந்த கால்வாய்க்குள் எந்தப் பொறியாளரும் தூண் நட்டிருக்க மாட்டார்.

இந்தக் கால்வாய் இன்னும் எவ்வளவு பயன்படும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமி நீர் கரையேறியபோது, பெத்த கஞ்சத்திலிருந்து சென்னை வரை சுமார் 310 கிலோமீட்டருக்குக் கால்வாய் அதை உள்வாங்கி, சில நிமிடங்களில் கடலுக்கே திருப்பி அனுப்பியது என்று ராமலிங்கேஸ்வர ராவ் என்ற ஆய்வாளர் 2005-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். போகிற போக்கில் நீர்க்களைகளையும் அது அடித்துக்கொண்டு போனதாம்.

கைவிடப்பட்ட நகரக் கால்வாய்கள் இங்கிலாந்திலும் உண்டு. பர்மிங்காம் நகரைச் சுற்றி ஒரு காலத்தில் சுமார் 160 மைல் கால்வாய் இருந்தது. நிலக்கரியும் இரும்பும் சுமந்த கால்வாய்கள். 1968-ல் வந்த போக்குவரத்துச் சட்டம் நாட்டின் கால்வாய்களை மூன்று வகையாகப் பிரித்தது. சரக்குக்கும் உல்லாசத்துக்கும் உரியவை போக, பாக்கியெல்லாம் 'மிச்சம்' என்ற மூன்றாம் வகை. பர்மிங்காமின் பல கால்வாய்கள் இந்த மிச்சத்தில் விழுந்தன. பராமரிப்புக்குப் பணம் கிடையாது. மூடிவிடுவதற்குச் சௌகரியமான வகைதான்.

அங்குள்ள கால்வாய்ச் சங்கத்தார் ஒரு வழி கண்டார்கள். ஆண்டுக்கொரு முறை படகோட்டிகளைக் கூப்பிட்டு, 30 மணி நேர இடைவெளிக்குள் 24 மணி நேரம் படகோட்டச் சொல்கிறார்கள். யாரும் போகாத, குப்பை மண்டிய கிளைக்கால்வாயில் போனால் கூடுதல் மதிப்பெண். அதனால் நள்ளிரவில், தொழிற்சாலைகளின் பின்சுவர்களுக்கு நடுவே படகுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு 'நேரோபோட்' என்று பெயர். அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு, நீளம் 70 அடி வரை. ஏழடி அகல லாக்குகளுக்கு அளவெடுத்துச் செய்த இரும்புப் படகு.

இரவில் இவற்றை ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். முன்விளக்கை நேராக அடித்தால் தண்ணீரும் பனிமூட்டமும் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசும், பழகிய பார்வையும் போய்விடும். சுரங்கக் கால்வாய்களில் விளக்கைச் சற்று மேல்நோக்கித் திருப்பிவைத்து, கூரையின் வெளிச்சத்தில் ஓட்டுகிறார்கள்.

வேகமும் ஏமாற்றும். குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு தேர் நகரும்போது ஓரத்து ஜனம் நெருக்கியடித்துப் பின்னால் ஒதுங்குகிறதே, அதுபோலப் படகு முன்னே தள்ளும் நீர் பக்கவாட்டு இடுக்கு வழியாகப் பின்னோக்கி விரைகிறது. விரையும் நீரில் அழுத்தம் குறையும். அதனால் படகின் பின்பகுதி கீழே அமுங்கித் தரையை உரசும். ஒரு மீட்டர் ஆழத்தில் அலை போகக்கூடிய வேகமே மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான். படகு அந்த வேகத்தை நெருங்க நெருங்க எதிர்ப்பு மளமளவென்று ஏறும். அனுபவமுள்ள படகோட்டி ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை முடுக்க மாட்டார், குறைப்பார். படகு முன்னைவிட நன்றாகப் போகும்.

நகரக் கால்வாயில் படகோட்டிக்கு உண்மையான தலைவலி புரொப்பல்லர். பிளாஸ்டிக் பை, கயிறு, பழந்துணி, கம்பி எல்லாம் அதில் சுற்றிக்கொள்ளும். இதற்காகவே படகின் பின்பக்கத் தளத்தில், புரொப்பல்லருக்கு நேர் மேலே இறுக்கி மூடிய ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றி, கையை உள்ளே விட்டுக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் கையுறை கட்டாயம். மூடியைச் சரியாகத் திரும்பப் பூட்டாமல் எஞ்சினைக் கிளப்பினால் தண்ணீர் பீறிட்டு உள்ளே வந்து படகே மூழ்கிவிடும். இவ்வளவு கஷ்டத்தையும் விரும்பி ஏற்றுக்கொண்டு அந்த மக்கள் வருகிறார்கள். ஆள் புழங்கும் கால்வாயை மூடுவது எளிதல்ல என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படகு கால்வாயைச் சுத்தம் செய்யாது. சாக்கடையை நிறுத்தாமல் பக்கிங்காம் கால்வாயில் படகு விட்டால், அடிச்சேறு கிளறி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்து, நாற்றம் இன்னும் மோசமாகும். சுத்திகரிப்பு நிலையமும் தடுப்புக் குழாயும்தான் முதல் வேலை. படகின் பயன் வேறு. எந்த இடத்தில் ஆழம் குறைந்தது, எந்தக் குழாய் புதிதாக முளைத்தது, எந்த வளைவில் கட்டடக் கழிவைக் கொட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சாலையிலிருந்து தெரியாது, படகில் போகிறவருக்குத் தெரியும். அவற்றைச் சரிசெய்யாவிட்டால் தன் வழி அடைபடுகிற ஒருவர் கேள்வி கேட்பார்.

இது நம் திருப்பூர் மாவட்டத்துக்குப் புதிய செய்தி அல்ல. நொய்யலில் சாயக்கழிவு ஓடியபோது, 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாக மாறியது. நீதிமன்றத்துக்குப் போனது யார்? நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம். தண்ணீர் கெட்டதால் வயலை இழந்தவர்கள். அவர்கள் விடாமல் நடத்திய வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியை ஆலைகள் ஏற்றுத்தான் மீண்டும் இயங்கின. எங்கள் ராஜவாய்க்காலிலும் தண்ணீர் வர ஒரு வாரம் தாமதமானால் ஆயக்கட்டுக்காரர்கள் நீர்வளத் துறை அலுவலகத்தில் போய் நிற்பார்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு அப்படி நிற்க ஆள் இல்லை.

2008 நவம்பரில் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான நீர்வழி, பக்கிங்காம் கால்வாயும் சேர்த்து, தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்டது. சென்னைக்குள் சரக்குப் படகு ஏதும் இன்னும் வரவில்லை. தூண்களுக்கு நடுவே பெரிய படகு வரும் என்று நான் நம்பவும் இல்லை. ஆனால் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒரு சின்னப் படகுக்கு அரை மீட்டர் ஆழம் போதும். ஆழமானியும் ஆக்சிஜன் அளக்கும் கருவியும் வைத்து மாதம் ஒரு பகல், ஓர் இரவு அதை ஓட்டலாம். அளவுகளை அப்படியே மக்கள் பார்வைக்கு வைக்கலாம். செலவு, தூர்வாரும் எந்திரம் ஒன்றின் விலையில் சிறு துளி.

ஆண்டுதோறும் மழைக்கு முன்பு இந்தக் கால்வாயைத் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கும்படி சென்னைவாசிகள் தங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டும்: சேப்பாக்கத்தில் இறக்கிய படகு தரை தட்டாமல் அடையாறு போய்ச் சேர்ந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணைப் பணம்.