பெயரின் விலை: விளையாட்டரங்கும் தோட்டக்குறியும்

பண்டத்துக்கு விலை உண்டு. உழைப்புக்கும் விலை உண்டு. பெயருக்கு விலை உண்டோ என வினவின், பலர் சிறிது தயங்குவர். ஆயின் இந்நூற்றாண்டின் விளையாட்டுலகில் பெயர் என்பது நிலத்தைப் போலக் குத்தகைக்கு விடப்படும் ஒரு சொத்தாகிவிட்டது. ஒரு கம்பனி ஓர் அரங்கத்தைக் கட்டுவதில்லை, வாங்குவதுமில்லை, அதன் முகப்பிலே தன் பெயரைக் குறித்த ஆண்டுகளுக்கு எழுதிவைக்கும் உரிமையை மாத்திரம் பெற்று, அதற்கெனப் பல கோடி செலுத்துகின்றது. இதனையே பெயருரிமை என்பர். கண்ணாற் காணவும் கையாற் பற்றவும் இயலாத இப்பொருளுக்கு விலை எங்ஙனம் வந்தது என்பதை ஆராயுமிடத்து, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வழக்கம் பெரிதும் துணைபுரியும். அதனைப் பின்னர்க் காண்போம்.

இடத்துக்குத் தன் பெயரை இட விரும்பும் வேட்கை புதியதன்று. பொலன்னறுவையைக் கைக்கொண்ட சோழர் அதனைச் சனநாதமங்கலம் என்றனர். தஞ்சையிலே முதலாம் இராசராசன் எடுத்த பெருங்கோயில் அவன் பெயராலேயே இராசராசேச்சுரம் எனப்பட்டது. அரசர் செய்ததை ஊரார் தம் அளவிற் செய்தனர். கோயிலில் விளக்கு, மணி, மண்டபத் தூண் ஆகியவற்றில் 'உபயம்' என்னும் சொல்லோடு கொடையாளியின் பெயர் பொறிக்கப்படுதலை எவரும் கண்டிருப்பர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் ஒவ்வொரு நாட்பூசைக்கும் உபயகாரர் உளர். (மின்விளக்கின் குழாயிலே ஒளி வெளிப்படாதவாறு பெயரைப் பெரிதாக எழுதிவைக்கும் உபயகாரரும் உளர், அவர் வேண்டியது ஒளியோ பெயரோ என்பதை அவரே அறிவர்.) எனினும் உபயத்துக்கும் பெயருரிமைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. உபயம் கொடை; கொடுத்தவர் திருப்பிக் கேளார்; பொறித்த பெயரைக் கோயிலாரும் அழியார். பெயருரிமையோ ஒப்பந்தம், தவணை தவறின் பெயர் இறங்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது பம்பாய் நகரத்துப் பிராபோர்ன் அரங்கம். 1937ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அவ்வரங்கம், கடலினின்று மீட்ட நிலத்தை இந்தியத் துடுப்பாட்டக் கழகத்துக்குக் குறைந்த விலையில் வழங்கிய ஆளுநர் பிராபோர்ன் பிரபுவின் பெயரைத் தாங்கியது. பணம் ஆளுநரின் கையினின்று வரவில்லை. அரசாங்கத்தின் நிலமே வந்தது. பெயரோ ஆளுநருக்குக் கிடைத்தது. பொதுச் சொத்தைக் கொண்டு தனி ஒருவரின் பெயர் வாங்கப்படும் இவ்வழக்கம் அத்துடன் ஒழியவில்லை என்பதை வாசகர் அறிவர்.

வணிகப் பெயர் அரங்கேறிய கதை ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்குகின்றது. 1953ஆம் ஆண்டில் சென் லூயிஸ் நகரத்து அடிபந்தாட்டக் கழகத்தை விலைக்கு வாங்கிய அன்கயிசர்-புஷ் என்னும் பியர் கம்பனி, மைதானத்துக்குத் தன் பட்வைசர் பியரின் பெயரைச் சூட்ட முற்பட்டது. மதுவின் பெயரை மைதானத்துக்கு இடுதல் தகாது என ஆட்ட நிருவாகத்தார் தடுத்தனர். உடனே முதலாளி புஷ் தம் குடும்பப் பெயரையே மைதானத்துக்கு இட்டார். அதனைத் தடுக்க எவராலும் இயலவில்லை. பின்னர்ச் சில ஆண்டுகளில் 'புஷ்' என்னும் பெயரிலேயே ஒரு பியர் சந்தைக்கு வந்தது! தடையை மீறாது தடையைச் சுற்றிச் செல்லும் வணிகரின் திறத்துக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

வெளிப்படையாகப் பணத்துக்குப் பெயர் விற்ற தொடக்ககாலச் செய்திகளுள் ஒன்று 1973ஆம் ஆண்டில் பவலோ நகரிலே நிகழ்ந்தது. ரிச் என்னும் உணவுக் கம்பனி 25 ஆண்டுகளுக்கு 15 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அக்காலத்தில் அத்தொகை பெரிதெனப்பட்டது. 2021ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து உள்ளரங்கம் ஒன்றுக்கு 20 ஆண்டுகளுக்கு 70 கோடி டொலர் பேசப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. ஐரோப்பாவில் ஆர்சனல் உதைபந்தாட்டக் கழகம், தான் கட்டிக்கொண்டிருந்த புதிய அரங்கத்தின் பெயரையும் ஆட்டக்காரர் மேற்சட்டையின் விளம்பரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 10 கோடி பவுணுக்கு எமிரேட்ஸ் விமான சேவைக்கு 2004ஆம் ஆண்டில் வழங்கியது. கட்டடம் எழுமுன்னரே பெயரை விற்று, அப்பணத்தைக் கட்டடச் செலவுக்குப் பயன்படுத்தியமை இங்கு நோக்கத்தக்கது.

இவ்விலையை நிருணயிப்பது யாது? பெயர்ப்பலகையின் நீள அகலங்கள் அல்ல. ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் இடத்தின் பெயரைச் சொல்லியே தீரவேண்டும். செய்தித்தாள் எழுதும், அறிவிப்பாளர் நூறு முறை கூறுவர், பேருந்தின் நடத்துநர் கூவுவர், வழி கேட்பவரும் அதனையே கேட்பர். விளம்பரம் என்று எண்ணாமலே மக்கள் விளம்பரஞ் செய்யும்படி நேர்வதே இதன் பயன். எனவே, எத்தனை ஆட்டங்கள், எத்தனை நாடுகளில் ஒளிபரப்பு, எத்தனை ஆண்டுகள் என்பவற்றைப் பொறுத்து விலை ஏறும். இவற்றினும் முதன்மையானது பெயர் புதிதாக இடப்படுகின்றதா, பழைய பெயரை அகற்றி இடப்படுகின்றதா என்பது. பிறந்த குழந்தைக்கு இடும் பெயர் நிலைக்கும். வளர்ந்தவனுக்கு இடும் புதுப்பெயரை ஊரார் ஏற்பது அரிது. நியூகாசில் நகரத்துச் சென் ஜேம்ஸ் பூங்கா என்னும் பழைய அரங்கத்துக்கு 2011ஆம் ஆண்டில் ஒரு கடைக் கம்பனியின் பெயர் இடப்பட்டபோது இரசிகர் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் வேறொரு கம்பனி அவ்வுரிமையைப் பெற்று, தன் பெயரை இடாமல் பழைய பெயரையே மீட்டுக் கொடுத்தது. தன் பெயரை எழுதாது விடுவதற்குப் பணம் கொடுத்து, அதனால் நற்பெயர் தேடிக்கொண்ட விந்தையும் இவ்வாணிகத்தில் உண்டு.

பெயரைத் தருவோனுக்கு வரும் கேடும் சிறிதன்று. ஹியூஸ்டன் நகரத்து அடிபந்தாட்ட அரங்கம் 30 ஆண்டுகளுக்கு 10 கோடி டொலர் என்னும் ஒப்பந்தத்தின்படி என்றன் கம்பனியின் பெயரைத் தாங்கி 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் இறுதியிலே கணக்கு மோசடி வெளிப்பட்டு அக்கம்பனி வங்குரோத்தாயிற்று. மோசடியின் மறுபெயராகிவிட்ட சொல்லைத் தன் வாயிலில் வைத்திருக்க விரும்பாத கழகம், 2002ஆம் ஆண்டில் 21 இலட்சம் டொலர் கொடுத்து அவ்வுரிமையைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. புனே நகருக்கருகே மகாராட்டிரத் துடுப்பாட்டச் சங்கம் கட்டிய அரங்கத்துக்குச் சகாரா குழுமத் தலைவரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. ஒப்பந்தத் தொகை செலுத்தப்படாமையால் 2013ஆம் ஆண்டில் சங்கத்தார் அப்பெயரை மறைத்துவிட்டனர். உபயத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் மேலே கூறிய வேறுபாட்டை இது நன்கு காட்டும்.

இலங்கையின் பேரரங்கங்கள் வணிகப் பெயர் தாங்குவதில்லை. மனிதர் பெயரையே பெரிதும் தாங்குகின்றன. 1982ஆம் ஆண்டிலே இலங்கை தன் முதலாவது ரெஸ்ட் ஆட்டத்தை ஆடிய கொழும்பு ஓவல் மைதானம், இலங்கைத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் முதலாவது தலைவரான பா. சரவணமுத்து அவர்களின் பெயரால் வழங்குகின்றது. அது தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம். கெத்தாராம அரங்கம் சனாதிபதி பிரேமதாசவின் மறைவுக்குப் பின் அவர் பெயரைப் பெற்றது. அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ அரங்கமோ, 2011ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தை முன்னிட்டுக் கட்டப்பட்டு, அப்போது பதவியிலிருந்த சனாதிபதியின் பெயரைத் தாங்கியது. ஆயின் அரங்கத்தை விட்டு அணியின்பாற் சென்றால் வணிகம் உள்ளே நுழைந்துவிட்டதைக் காணலாம். 2020ஆம் ஆண்டிலே தொடங்கிய லங்கா பிரீமியர் லீக் ஆட்டங்களில் அணிகளின் பெயர்கள் உரிமையாளருக்கேற்ப மாறின. 2023ஆம் ஆண்டில் கண்டி அணி 'பி-லவ் கண்டி' எனவும், தம்புள்ளை அணி 'தம்புள்ளை ஆரா' எனவும் ஆடின. சப்பிரகமுவவின் பெயரில் ஓர் அணி அவ்வாட்டங்களில் 2024 வரை இடம்பெறவில்லை.

அங்ஙனமாயினும், பெயரை விற்கும் கலையைச் சப்பிரகமுவ மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. 1883ஆம் ஆண்டிலே தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒவ்வொரு தேயிலைத் தொகுதியும் அதன் தொழிற்சாலைக்குரிய குறியின் பெயராலேயே பட்டியலில் இடம்பெறும். தரகர் மாதிரியை அனுப்புவர். வாங்குவோர் சுவைத்துப் பார்ப்பர். ஆயினும் ஒரே உயரத்தில், ஒரே மழையில், ஒரே வகையாக விளைந்த இரண்டு தேயிலைகளுள் நன்கறியப்பட்ட குறியைத் தாங்கியது கூடிய விலை பெறுதல் உண்டு. சென்ற வாரமும் அதற்கு முந்திய வாரமும் ஏமாற்றாத குறி இவ்வாரமும் ஏமாற்றாது என்னும் நம்பிக்கைக்கே அம்மேல்விலை கொடுக்கப்படுகின்றது. சிறந்த கொழுந்தின் தேயிலையை முதற்குறியிலும், ஏனையவற்றை வேறொரு குறியிலும் விற்று முதற்குறியின் மானத்தைக் காக்கும் தொழிற்சாலைகளும் உள.

சப்பிரகமுவவின் தேயிலை பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை. அஃதாவது கடல்மட்டத்தினின்று 2,000 அடிக்குக் குறைந்த உயரத்தில் விளைவது. பலாங்கொடைப் பக்கத்து மலைகளில் மட்டும் அவ்வெல்லையைக் கடந்த தோட்டங்கள் உண்டு. உயர்நிலத் தேயிலையின் நறுமணத்தை விரும்பிய ஆங்கிலேயர் காலத்தில் தாழ்நிலத் தேயிலைக்கு மதிப்புக் குறைவு. பின்னர் ஈராக், ஈரான், துருக்கி, உருசியா முதலிய நாட்டார் கரிய, முறுகிய, கடுஞ்சாயமுள்ள இலையை விரும்பி வாங்கவே நிலைமை தலைகீழாயிற்று. இரத்தினபுரி மாவட்டத்து நியூ விதானகந்த என்னும் குறி, பெருந்தோட்டம் எதனையும் சாராது, சிற்றுடைமையாளரின் கொழுந்தை வாங்கி அரைத்தே தாழ்நிலத் தேயிலையுள் தலைசிறந்த விலைகளைப் பெற்றுவந்துள்ளது. தேயிலைச் சபை நாட்டின் தேயிலைப் பிரதேசங்களை வகுத்தபோது சப்பிரகமுவவை அவ்வேழனுள் ஒன்றாகத் தனியே வைத்தமையும் பெயருக்குக் கிடைத்த மதிப்பே.

இவ்வகையிற் குறிப்பிடத்தக்க இன்னொன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் நாடு இலங்கைக் குடியரசாகிச் 'சிலோன்' என்னும் பெயரைக் கைவிட்டது, தேயிலை கைவிடவில்லை. உலகச் சந்தையில் 'சிலோன் ரீ' என்னும் சொல்லுக்கிருந்த விலையை இழக்க ஒருவரும் துணியவில்லை. அரசியல் துறந்த பெயரை வாணிகம் காத்தது. தோட்டங்களின் கதையும் அவ்வாறே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அவை அரசுடைமையாயின. சனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992ஆம் ஆண்டில் கம்பனிகளின் கைக்கு மாறின. உடையவர் மூன்று முறை மாறியும் ஹப்புகஸ்தென்ன ஹப்புகஸ்தென்னவாகவே இருந்தது. புதிய கம்பனிகளும் தத்தம் முதலாளியின் பெயரை இடாது, பலாங்கொடை, காவத்தை, கேகாலை என ஊர்ப்பெயர்களையே தமக்குச் சூட்டிக்கொண்டன. அரங்கத்திலே பெயர் மாறுவதாற் பணம் வருகின்றது. தோட்டத்திலே பெயர் மாறாதிருப்பதாற் பணம் வருகின்றது.

ஆனால் அப்பணம் எங்கே செல்கின்றது? குறியின் மானம் கொழுந்திலே தங்கியுள்ளது. இரண்டிலையும் மொட்டுமாக, முற்றிய இலை கலவாமற் கிள்ளும் பெண்ணின் விரல்களே ஏலத்தின் விலையை முதலில் எழுதுகின்றன. எனினும் நாட்கூலி குறியைப் பார்த்து நிருணயிக்கப்படுவதன்று. 2021ஆம் ஆண்டிலே சம்பளச் சபையின் வழியாக 1,000 ரூபாய் நாட்கூலி வந்தபோது, அது பெயர்பெற்ற தோட்டத்துக்கும் பெயரறியாத் தோட்டத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. தொழிலாளர் தாம் வாழும் இடத்துக்குத் தாமே இட்டு வழங்கும் தமிழ்ப் பெயர்கள் வேறு உள. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, பழைய மலை என அவர்கள் நாவில் வழங்கும் அப்பெயர்கள் எந்த ஏலப் பட்டியலிலும் ஏறியதில்லை. நாள்தோறும் கூறப்படும் பெயருக்கு விலையில்லை. பெட்டியிலே அச்சிடப்படும் பெயருக்கே விலை.

இனி, இப்பகுதியின் தோட்ட மைதானங்களை நோக்குவோம். லயங்களுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே சமன்செய்த ஒரு துண்டு நிலம். பொங்கலன்று ஓட்டப் போட்டி, மாலைப்பொழுதில் இளைஞரின் துடுப்பாட்டம், திருவிழாக் காலத்திலே கூத்து. பல தமிழ்ப் பாடசாலைகளுக்கு அதுவே விளையாட்டுத் திடலுமாகும். தேயிலைக் கம்பனியோ, வங்கியோ, தொலைபேசிக் கம்பனியோ தன் பெயரை அதன் வாயிலில் எழுதி, மண்ணைச் சமன்செய்து, தடுப்புச்சுவரும் உடைமாற்றும் அறையும் கட்டிக்கொடுக்க முன்வரின் அதனை மறுக்க வேண்டுமா? தொலைக்காட்சி வாராத மைதானத்துக்கு ஹியூஸ்டன் விலை கிட்டாது என்பது உண்மை. ஆயின் அவ்வட்டாரத்து மக்கள் ஆயிரவர் ஒரு கம்பனியின் பெயரை நன்றியோடு சொல்வதற்கு ஒரு சிறு விலையேனும் உண்டு. பெயரைப் புதிதாக இடுவதால் நியூகாசில் போன்ற எதிர்ப்பும் எழாது. மறுப்பதற்கு நியாயம் காண்டல் அரிது. கேட்க வேண்டிய விலை யாது, அதனைப் பெறுபவர் யாவர் என்பனவே வினாக்கள்.

பிந்திய வினாவிலேதான் சிக்கல் உளது. மைதானத்தை வெட்டிச் சமன்செய்த கைகள் பெரும்பாலும் தோட்ட மக்களுடையவை, நிலம் அரசாங்கத்தினது, கம்பனி குத்தகைக்காரர். குத்தகைக்காரர் தம் குத்தகைக் காலத்துக்கு மேற்பட்ட உரிமையைப் பிறருக்கு வழங்குதல் இயலாது. பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகை 1992ஆம் ஆண்டிலிருந்து 53 ஆண்டுகள். 2045ஆம் ஆண்டில் அது முடிவுறும். பவலோவிற் போல 25 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை இன்று எழுத வேண்டுமாயின், அதில் அரசாங்கத்தின் கையெழுத்தும் வேண்டும். மைதானத்தைப் பயன்படுத்தும் பாடசாலையின் பெயரும் தோட்ட மக்களின் சங்கமும் அதில் இடம்பெறாவிடின், தவணைப் பணம் வரும் திசையை அவர்கள் அறியவும் வழியில்லை.