வலியறியாப் பாதமும் மின்னணுத் தோலும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் மின்னணு நகரத்தையும் பொம்மசந்திராவையும் கடந்தால் சந்தாபுராவை அடையலாம். சுற்றுப்புறமெங்கும் தொழிற்சாலைகள். நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் தொழிலாளரிடையே நீரிழிவு நோயுடையோரும் உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நம் நாட்டில் இந்நோயுடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. நீடித்த நீரிழிவு பாதத்தின் நரம்புகளைத் தாக்குமாயின், உணர்ச்சி சிறிது சிறிதாக மறைகின்றது. காலணிக்குள் புகுந்த கல் உறுத்துவதில்லை, கொப்புளம் நோவதில்லை. மாலையில் காலுறையில் காணும் இரத்தக்கறையே முதற் செய்தியாகின்றது.

இழந்த உணர்ச்சியைக் கருவி ஒன்றினால் ஈடுசெய்ய இயலுமா? இயலும் என்னும் நம்பிக்கையிலேயே விஞ்ஞானிகள் 'மின்னணுத் தோல்' என்னும் சாதனத்தை உருவாக்கி வருகின்றனர். டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தக்காவோ சோமேயாவும் அவர்தம் குழுவினரும், வளையக்கூடிய பிளாஸ்டிக் ஏட்டில் கரிமப் பொருள்களாலான டிரான்ஸிஸ்டர்களை நிரை நிரையாகப் பதித்து, எவ்விடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகின்றது என்று அறியும் முறையை 2004-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவ் என்னும் அம்மையாரின் குழுவினர் 2010-இல் மேற்கொண்ட வழி மிகவும் நயமானது. இரு மின்முனைகளுக்கிடையே மெல்லிய ரப்பரை வைத்து அழுத்தினால் இடைவெளி குறைந்து, மின்தேக்குத் திறன் கூடும். ஆயினும் தட்டையான ரப்பர் எளிதில் அமுங்குவதில்லை. பக்கவாட்டில் பிதுங்க இடமில்லாமையே காரணம். எனவே அவர்கள் ரப்பரைக் கண்ணுக்குப் புலனாகாத சிறு கூம்புகளாக வார்த்தனர். கூம்புகளின் நுனி எளிதில் நசுங்கி, விரைவில் நிமிர்கின்றது. ஓர் ஈ வந்து அமர்ந்தாலும் அத்தோல் அறிந்துவிடும்!

அழுத்தத்தை அளக்கும் வித்தை இவ்வாறு கைகூடியது. அளந்ததை மனிதனுக்கு உணர்த்துவதோ வேறு காரியம். சந்தாபுராவைக் கடக்கும் இதே நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாகச் சென்றடையும் வேலூரில் இக்கதையின் முக்கியமான பகுதி தொடங்கியது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் தசையையே அழுகச் செய்து விரல்களை உதிர்க்கின்றது என்பது அக்காலத்தில் பரவியிருந்த எண்ணம். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் டாக்டர் நின்றபோது, நோயாளியான மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி நொடியில் திருப்பிவிட்டான். தரையில் இரத்தத் துளிகள் விழுந்தன. சாவி அவன் விரலை எலும்பு தெரியுமளவு கிழித்திருந்தது. அவனோ அதை அறியவில்லை. நோயாளிகளின் விரல்களை அழித்தவை பெரும்பாலும் இத்தகைய உணரப்படாத காயங்களே என்பதை டாக்டர் தெளிந்தார். உறங்குவோரின் விரல்களை இரவில் எலிகள் கடித்துச் சென்றதும் தெரியவந்தது. அதற்குப் பரிகாரமாகப் பூனைகள் வளர்க்கப்பட்டன. பாதங்களைக் காக்க நுண்துளை ரப்பராலான செருப்புகள் வேலூர்ப் பகுதியில் செய்யப்பட்டன. அவை பாதத்தைக் காத்தன எனினும், அக்கறுப்புச் செருப்பே நோயின் அடையாளமாகிவிட, அணிய நாணியோரும் உண்டு. அணிகருவி அமைப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு பொறியியல் அறிஞர்களுடன் கூடி, கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகளைப் பொருத்தி, செயற்கை வலி ஒன்றைப் படைக்க முயன்றார். வரம்பு மீறிய அழுத்தத்துக்கு முதலில் காதில் ஒலி எழுப்பிப் பார்த்தனர். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் உணர்ச்சி குன்றாத அக்குளில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. அது வலித்தது. ஆனால் பலமாக எதையேனும் திருக வேண்டிய வேலை வந்தால், நோயாளி இணைப்பை நிறுத்திவிட்டு வேலையை முடித்தபின் மறுபடியும் இணைத்துக்கொண்டார்! உணரிகளும் நீடித்து உழைக்கவில்லை. இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

நோயாளியின்மீது இதில் குற்றம் காண்பது முறையன்று. நிறுத்தக்கூடிய வலி வலியாகாது. தவிர, இயற்கையின் வலி நம் அனுமதியைக் கேட்பதில்லை. பாதத்தின் ஓரிடம் வெம்மையுற்றதும் நாம் அறியாமலே நடையை மாற்றி, பாரத்தை வேறிடத்துக்குத் தள்ளிவிடுகின்றோம். மிதமான அழுத்தமாயினும் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுமாயின் புண்ணாகும் என்பதைக் கார்வில் ஆய்வுகள் காட்டின. ஆகவே கணநேர அழுத்தத்தை அளப்பது மட்டும் போதாது; சென்ற நாட்களின் அடிகளையும் கருவி நினைவில் வைத்தல் வேண்டும். வியர்வையையும், பாதம் சறுக்குவதால் நேரும் உராய்வையும் அது தாங்குதலும் வேண்டும்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையினர் இப்பிரச்சினையை மறுமுனையிலிருந்து அணுகியுள்ளனர். பேராசிரியர் அனந்தசுரேஷின் குழு, கர்நாடக நாளமில்லாச் சுரப்பியியல் ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து உருவாக்கிய செருப்பு பற்றிய செய்தி 2022-இல் வெளியாயிற்று. முப்பரிமாண அச்சு முறையில் செய்யப்படும் அதன் உள்ளட்டையில் சிறு வளைவுகள் உள்ளன. குறித்த அளவுக்கு மேல் பாரம் விழுந்ததும் அவ்விடத்து வளைவு சட்டெனத் தலைகீழாகக் கவிழ்ந்து இறங்குகின்றது. பாரம் பக்கத்திலுள்ள இடங்களுக்குப் பகிரப்படுகின்றது. பாதத்தைத் தூக்கியதும் வளைவு தானே நிமிர்ந்துவிடும். மின்கலமும் இல்லை, அணிந்தவர் கேட்க வேண்டிய எச்சரிக்கையும் இல்லை. நிறுத்திவைப்பதற்கு விசையும் இல்லை. அணிபவரின் பாத அளவு, உடலின் எடை, நடக்கும் வேகம் ஆகியவற்றுக்கேற்ப வளைவுகள் வகுக்கப்படுகின்றன.

இச்செருப்பு தான் செய்ததை எவருக்கும் தெரிவிப்பதில்லை என்பது ஒரு குறையே. எந்த இடம் எத்தனை முறை நசுங்கியது என்னும் கணக்கை மருத்துவருக்கு அளிக்க மின்னணுத் தோலே தகுதியுடையது. 1969-இல் பிராண்டும் அவருடைய உடன் ஆய்வாளரும் எழுதிய கட்டுரையில், அழுத்தத்தால் உடைந்து சாயம் கசியும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறை இதே பணிக்காகக் கூறப்பட்டுள்ளது. சிறிது தூரம் நடந்தபின் அதனைக் கழற்றிப் பார்த்தால், சாயம் அடர்ந்த இடமே புண் தோன்றக்கூடிய இடமாகும்.