கிதார் பெடலின் தளர்ந்த மின்கம்பி

மெல்லிசை மேடைகளில் கிதார் வாசிப்பவரின் காலடியில் சிறியதோர் உலோகப் பெட்டி இருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். இதைப் பெடல் என்பார்கள். கிதாரின் நாதம் மின்னோட்ட வடிவில் இதனுள் புகுந்து, கரகரப்போ எதிரொலியோ பெற்று, ஒலிபெருக்கியைச் சென்றடைகிறது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெடல் இவ்வகையில் முன்னோடியாகும். அது இரண்டு சிறு பாட்டரிகளைக் கொண்டே இயங்கியது. இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை 230 வோல்ட் மின்சாரத்தை 9 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் அடாப்டரை நம்பியிருக்கின்றன. பாட்டரிச் செலவு குறைந்தது. ஆனால் காலில் இடறும் வயர் ஒன்று வந்து சேர்ந்தது.

பாட்டின் நடுவே பெடல் படபடவென்று ஒலித்து அடங்கிவிடுமாயின், வயர்தான் பழுது என்று முடிவு கட்டிப் புதியதை வாங்குவோர் பலர். வாங்கிய பின்னும் குறை நீங்காதிருப்பதுண்டு. வயர், அதன் முனையிலுள்ள பிளக், பிளக் நுழையும் துளை, அத்துளையைச் சர்க்யூட் பலகையோடு இணைக்கும் ஈயப் பற்று ஆகிய நான்கில் எதிலும் தளர்ச்சி இருக்கலாம். ஆகையால் முதலில் இடத்தைக் கண்டறிய வேண்டும். பிறகே வெட்டுதலும் பற்றவைத்தலும்.

பெடலில் பாட்டரிக்கு இடமிருந்தால், அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பாட்டரியைப் பொருத்தி வாசித்துப் பாருங்கள். ஒலி சீராக வந்தால், குறை மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது என்று அறியலாம். அடுத்து, அதே வகையைச் சேர்ந்த வேறோர் அடாப்டரைச் செருகுங்கள். அப்போது நன்கு இயங்கினால் பழைய அடாப்டரின் வயரோ பிளக்கோதான் பழுது. எதைச் செருகினாலும், லேசாக அசைத்தவுடன் ஒலி அறுபடுமானால், கோளாறு பெடலின் துளையிலோ ஈயப் பற்றிலோ உள்ளது.

பல பெடல்களில் இத்துளை சர்க்யூட் பலகையின்மீதே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வயர் இழுபடும்போதெல்லாம் அந்த விசையை ஈயப் பற்று தாங்குகிறது. அது மின்சாரத்தைக் கடத்த ஏற்றதேயன்றி, இழுப்பைத் தாங்க ஏற்றதன்று. நாளடைவில் இணைப்பு ஊசியைச் சுற்றி மயிரிழை போன்ற பிளவு தோன்றும். அடாப்டரையும் பாட்டரியையும் அகற்றியபின் அடித்தகட்டைத் திறந்து, பூதக்கண்ணாடியால் நோக்கினால் அது புலப்படும். பழைய ஈயத்தை நீக்கி, 25 வாட் சால்டரிங் இரும்பின் நுனி ஊசியிலும் செம்புத் தகட்டிலும் ஒருங்கே படும்படி இரண்டு மூன்று வினாடி வைத்துப் புதிய பற்று வைக்கவேண்டும். ரோசின் கலந்த ஈயக் கம்பியே இதற்கு உரியது. குழாய் வேலைக்கான அமிலப் பசை செம்பை அரித்துவிடும்.

வயர் அறுவது பெரும்பாலும் பிளக்கின் கழுத்தருகே. அப்பகுதியை வெட்டியெறிந்து வேறு பிளக் வைக்கலாம். வெளிவிட்டம் 5.5, உள்விட்டம் 2.1 மில்லிமீட்டர் என்பதே வழக்கமான அளவு. தில்லி லஜபத்ராய் மார்க்கெட்டிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், கொல்கத்தா சாந்தினி சௌக்கிலும், பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் இத்தகைய உறுப்புகளை விற்கும் கடைகள் உண்டு. அவ்வூர் மொழி நன்கு வராவிட்டாலும், இவ்விரு எண்களைச் சொன்னால் கடைக்காரருக்கு விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுச் சாதனங்கள் பலவற்றில் பிளக்கின் உட்பக்கம் நேர்முனை. பெடல்களிலோ பெரும்பாலும் உட்பக்கம் எதிர்முனை, வெளிப்பக்கமே நேர்முனை. மாற்றி இணைத்தால் பெடல் கருகிவிடக்கூடும். துளையருகே அச்சிட்டுள்ள குறியைப் பார்த்துக்கொள்க. பிளக்கை வைத்தபின், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை உட்பக்கத்திலும் சிவப்பு முனையை வெளிப்பக்கத்திலும் வைத்து அளந்து பாருங்கள். கழித்தற்குறி இன்றி எண் தோன்றினால், உட்பக்கம் எதிர்முனையாக உள்ளதென்று பொருள்.

மேலே சொன்னவை யாவும் 9 வோல்ட் பகுதிக்கே பொருந்தும். அடாப்டரின் கூட்டை உடைத்துத் திறத்தல் ஆகாது. பழைய பெரிய பெடல்கள் சிலவற்றில் 230 வோல்ட் வயர் நேராகவே உள்ளே செல்கிறது. அவற்றைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அறுந்த வயரை முறுக்கி, டேப் சுற்றி, மேடையேறுவது உயிருக்கே ஆபத்து. பச்சை நிற எர்த் வயரை வெட்டிவிடுவதும் அத்தகையதே. கிதாரின் உலோகத் தந்திகள் பெடல் வழியாக ஒலிபெருக்கியின் எர்த்தோடு இணைந்தவை. வாசிப்பவரின் விரல் தந்தியில், உதடு மைக்கருகில். எங்கேனும் மின்கசிவு நேர்ந்தால் அவருடைய உடலே அதற்கு வழியாகிவிடும்.

பழுது மீண்டும் வராதிருக்க, பிளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வயரைச் சிறிது தளர்வாக விட்டுப் பெடல் பலகையோடு கட்டிவிடுங்கள். யாரேனும் இடறினாலும் இழுப்பு அந்தக் கட்டோடு நின்றுவிடும். கழற்றும்போது வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். ஒத்திகையின்போதே ஒவ்வொரு பிளக்கையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டால், தளர்ச்சி அப்போதே தெரிந்துவிடும், சரிசெய்யவும் நேரமிருக்கும்.