பன்னேர்கட்டா: சஃபாரி வேலிக்கு அந்தப்புறம் காவிரி வரை நீளும் காடு

பெங்களூரு மெஜஸ்டிக்கில் 365ஆம் எண் பஸ் ஏறி, டெய்ரி சர்க்கிள், ஐஐஎம், கொட்டிகெரே எல்லாம் தாண்டிப் பன்னேர்கட்டாவில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மிருகக்காட்சிசாலைக்கு வருகிறவர்கள். சஃபாரி வண்டியில் புலியையும் சிங்கத்தையும் கரடியையும் பார்த்துவிட்டு, பட்டாம்பூச்சிப் பூங்காவில் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். "பன்னேர்கட்டா நேஷனல் பார்க் பார்த்தாச்சு" என்று அவர்கள் சொல்லும்போது, உண்மையில் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் கால்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் பார்த்தது பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா. 2002ல் தேசியப் பூங்காவிலிருந்து நிர்வாக வசதிக்காகத் தனியே பிரிக்கப்பட்ட அதன் பரப்பு ஏறத்தாழ 7.3 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்காவின் பரப்போ 260 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இந்தக் குழப்பத்தைச் சிறிய விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு மிருகக்காட்சிசாலைதான் இருக்கிறது என்று நினைக்கிற நகரம், அதன் பின்னால் இருக்கும் காட்டுக்கான பாதுகாப்பு சுருங்கும்போது எதையும் இழந்ததாக உணர்வதில்லை. பன்னேர்கட்டாவுக்குக் கடந்த சில ஆண்டுகளில் நடந்தது அதுதான்.

வரைபடத்தில் பார்த்தால், இந்தக் காடு பெங்களூரின் தெற்கு விளிம்பில் தொடங்கி, ஆனேக்கல், ஹாரோஹள்ளி, கோடிஹள்ளி வழியாகத் தெற்கே நீளும் ஒரு ஒடுங்கிய பட்டை. 1974ல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டபோது ஆனேக்கல் சரகத்துக் காடுகளைக் கொண்டு சுமார் 104 சதுர கிலோமீட்டர்தான் இருந்தது. பின்னர் கனகபுரா பக்கத்துக் காடுகளையும் சேர்த்து 260.51 சதுர கிலோமீட்டர் ஆனது. பரப்பு கூடினாலும் வடிவம் மாறவில்லை. சில இடங்களில் காட்டின் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இதே பரப்பு ஒரு வட்டமாக இருந்திருந்தால் நடுக்காடு என்று ஒன்று இருந்திருக்கும். இங்கே எந்த இடத்தில் நின்றாலும் பக்கத்தில் ஒரு கிராமம், ஒரு தோட்டம், ஒரு சாலை. எல்லை நீளமாக இருப்பதால் சண்டையும் நீளமாக இருக்கிறது.

நிலம் குன்றும் பள்ளமுமானது. பெங்களூரே கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பீடபூமியில் இருக்கிறது. அந்தப் பீடபூமி தெற்கே காவிரிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் இடத்தில்தான் இந்தக் குன்றுகள். லால்பாக் பூங்காவுக்குள் எல்லோரும் ஏறி நிற்கும் அந்தப் பாறை, தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட ஒன்று. 300 கோடி ஆண்டு வயதுடையது என்று நிலவியலாளர்கள் மதிக்கிறார்கள். அதே பழைய பாறைக் குடும்பம்தான் பன்னேர்கட்டாவின் அடியிலும் கிடக்கிறது. மேற்கே ராமநகரா பக்கம் போனால் அதைவிடச் சற்று இளைய, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட் தொடர். 'ஷோலே' படத்தில் வருகிற மொட்டைப் பாறைகள் அங்கேயுள்ளவைதான்.

பூங்காவின் புகழ்பெற்ற காட்சிமுனைகளான உத்திகெபண்டே, மிர்சா குன்று இரண்டும் பாறைகள் சூழ்ந்த இடங்கள். இந்தப் பகுதியின் பாறைகளை நெருங்கிப் பார்த்தால், பகல் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் மேற்பரப்பு வெங்காயத் தோலைப் போலத் தகடு தகடாக உரிந்திருப்பது தெரியும். தகடு கழன்ற பள்ளங்களில் மழைநீர் தேங்கிச் சுனையாகிறது. கொஞ்சம் மண் சேர்ந்த இடுக்கில் புல்லும், புல்லுக்குப் பின்னால் புதரும் வருகின்றன. மலைக்காடு என்றதும் ஊட்டியையும் வால்பாறையையும் நினைக்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் வறண்ட இலையுதிர் காடு இது. வெக்காலி, மூங்கில், சந்தனம், புளி, வேம்பு, இடையிடையே முள்புதர். மாசி, பங்குனியில் மரங்கள் மொட்டையாகிவிடும். முதல் கோடை மழைக்கு ஒரே வாரத்தில் மலை பச்சை கட்டும். யானை, காட்டெருது, சிறுத்தை, கரடி, புள்ளிமான், முள்ளம்பன்றி, தேவாங்கு எல்லாம் இந்த வறட்சியோடு வாழப் பழகியவை. அவற்றுக்கு இப்போது பெரிய தொல்லை மழைக்குறைவு அல்ல. புல்லை மூடிப் படரும் உண்ணிச்செடி.

காட்டின் நடுவே ஓடும் சுவர்ணமுகி ஓடைதான் விலங்குகளின் முக்கிய நீராதாரம். அது அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து மேகேதாட்டு, பிறகு ஒகேனக்கல். பன்னேர்கட்டா குன்றில் விழும் மழைத்துளிக்கு மேட்டூர் அணை வரை வழி இருக்கிறது. ஆனேக்கல் பக்கம் முத்யாலமடுவு என்னும் பள்ளத்தாக்கில் ஓர் அருவி உண்டு. மழைக்காலத்தில் போனால் அருவி. கோடையில் போனால் ஈரப் பாறை.

குன்றின் அடிவாரத்தில் சம்பகதாம சுவாமி கோயில். ஹொய்சளர் காலத்தது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படுகிறது. அந்த நூற்றாண்டில் ஹொய்சள அரசு இரண்டாகப் பிரிந்து, தெற்குப் பகுதியை ஆண்ட இராமநாதன் திருச்சிக்கு அருகிலுள்ள கண்ணனூரைப் பாண்டியரிடம் இழந்தபின் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணியிலிருந்து ஆட்சி செய்தான். இன்றைய பெங்களூரு, ஓசூர் வட்டாரங்களில் தமிழ்க் கல்வெட்டும் கன்னடக் கல்வெட்டும் அருகருகே கிடப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். மாநில எல்லை என்பது இந்தக் காட்டுக்கு மிகவும் புதிய சங்கதி.

மிருகக்காட்சிசாலையைப் பற்றி மேலே கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அதற்குள்ளும் மதிக்க வேண்டிய பணிகள் நடக்கின்றன. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைச் சர்க்கஸில் வைத்து வித்தை காட்டக்கூடாது என்ற மத்திய அரசின் தடையை 2001ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, நாடெங்கும் கூண்டுகளில் இருந்த நூற்றுக்கணக்கான சிங்கங்களும் புலிகளும் போக்கிடம் இல்லாமல் நின்றன. அவற்றை ஏற்ற மீட்பு மையங்களில் வண்டலூரும் உண்டு, பன்னேர்கட்டாவும் உண்டு. 2005 வாக்கில், மூக்கில் கயிறு கோத்துத் தெருவில் ஆட்டப்பட்ட கரடிகளுக்கான மையம் இங்கே தொடங்கியது. வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு கர்நாடக வனத்துறையோடு சேர்ந்து நடத்தும் மையம் அது. தலைமுறை தலைமுறையாகக் கரடியாட்டியே பிழைத்த கலந்தர் சமூகத்தாருக்கு மாற்றுத் தொழில் கொடுத்து, கரடிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள். இந்தியாவின் கடைசி ஆட்டக் கரடி என்று அறிவிக்கப்பட்ட 'ராஜு' 2009 இறுதியில் வந்து சேர்ந்த இடம் பன்னேர்கட்டாதான். 2006ல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்காவும் நாட்டிலேயே முதலாவது.

அங்கே வளர்க்கும் யானைகளின் கதைதான் வேலியின் இரு பக்கத்தையும் இணைக்கிறது. பகலில் மனிதரோடு இருக்கும் இந்த யானைகளை இரவில் மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் விடுவது வழக்கம். காலில் நீளச் சங்கிலி இருக்கும். விடிந்ததும் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் மண்ணில் சங்கிலி இழுபட்ட தடத்தைப் பிடித்துப் போய், யானையைக் கண்டுபிடித்து அழைத்து வருவார்கள். அந்த இரவுகளில் காட்டுக் கொம்பன்கள் வந்து சேர்வதால், இங்கே பிறந்த குட்டிகள் பலவற்றுக்குத் தகப்பன் காட்டு யானை. சஃபாரி வண்டியின் ஜன்னலிலிருந்து நாம் பார்க்கும் குட்டியின் உறவுக்காரர்கள் ஜவளகிரியிலோ தளியிலோ நடந்துகொண்டிருக்கக்கூடும்.

அந்த நடைதான் இந்தக் காட்டின் உயிர். பன்னேர்கட்டாவின் தென்முனையில் பிலிகல் காடு. அதிலிருந்து கிழக்கே கர்நாடக எல்லையைத் தாண்டினால் தளி, ஜவளகிரி. தெற்கே போனால் இரு மாநிலத்துக் காவிரி சரணாலயங்கள். அதற்கும் அப்பால் பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம். தமிழ்நாடு அரசு 2014ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தையும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயத்தையும் அறிவித்ததால், எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தத் தொடர்ச்சிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் யானைக் கூட்டங்கள் வடகிழக்கே வந்து தொடும் கடைசிக் காடுகளில் ஒன்று பன்னேர்கட்டா. 1980களில் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து சில யானைகள் கிளம்பி ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம் போய்த் தங்கின. யானையே பார்த்திராத தலைமுறைகளுக்குப் பிறகு அந்த மாநிலம் மறுபடி யானை பார்த்தது அப்படித்தான்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆடியில் விதைத்த ராகி ஐப்பசியில் பால் பிடித்துக் கார்த்திகையில் கதிர் முற்றும்போது, கூட்டம் கூட்டமாக யானைகள் எல்லை தாண்டி வரும். சானமாவுக் காட்டில் நாள்கணக்கில் முகாமிடும். காட்டுப் புல்லோடு ஒப்பிட்டால் ராகிக் கதிர் சத்தும் சுவையும் நிறைந்தது. தேடி அலைய வேண்டாம், ஒரே இடத்தில் நிற்கிறது. வயலோரப் பரணில் உட்கார்ந்து டார்ச் அடித்து, பட்டாசு வெடித்து, தகரம் தட்டி இரவெல்லாம் விழித்திருக்கும் விவசாயி, ஒரு நள்ளிரவில் பல மாத உழைப்பை இழக்கிறார். சில இரவுகளில் உயிரையும். நஷ்டஈட்டுக்கு மனு எழுதி, படம் எடுத்து, அலுவலகத்துக்கு அலைந்து அவர் வாங்கும் தொகை ராகிக்கு ஈடாவதில்லை. யானைமீது அன்பு வை என்று நகரத்திலிருந்து அவருக்குச் சொல்வது சுலபம்.

வனத்துறை அகழி வெட்டிப் பார்த்தது. யானை காலால் கரையைச் சரித்து மண்ணைத் தள்ளி வழி போட்டுக்கொள்கிறது. ஒரு மழைக்கு அகழி தூர்ந்தும் போகிறது. பாறை வரும் இடத்தில் வெட்டவே முடிவதில்லை. சூரியமின் வேலி போட்டார்கள். பராமரிப்பு நின்றால் அதுவும் வெறும் கம்பி. பழைய ரயில் தண்டவாளங்களை நட்டுக் கட்டும் தடுப்பு ஓரளவு தாங்குகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. யானை போக வேறு வழி இருந்தால்தான் தடுப்பு பலன் தரும். வழியையும் அடைத்துவிட்டுத் தடுப்பும் போட்டால், யானை தடுப்பே இல்லாத அடுத்த ஊரில் இறங்கும்.

இந்தக் காட்டோரத்தில் இருளிகரும் ஹக்கிபிக்கிகளும் இருக்கிறார்கள். இருளிகர் தமிழ்நாட்டு இருளர்களுக்கு உறவானவர்கள். தேனும் கிழங்கும் எடுத்து இந்தக் குன்றுகளில் வாழ்ந்தவர்கள். ஹக்கிபிக்கிகள் பறவை பிடித்துத் திரிந்து, பிற்பாடு பன்னேர்கட்டாவில் குடியமர்த்தப்பட்டவர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பேசுவது இவர்களைப் போன்றவர்களின் உரிமையைத்தான். காட்டைக் காப்பது என்றதும் முதலில் இவர்களை வெளியேற்ற நினைப்பதும், பக்கத்தில் கல்குவாரி வெடிப்பதைப் பார்த்தும் பாராமல் இருப்பதும் நியாயமே இல்லை.

கல்குவாரி என்றதும் விஷயம் சூழல் உணர்திறன் மண்டலத்துக்கு வந்துவிடுகிறது. தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, சுற்றிலும் ஓர் இடைப்பகுதியை ஒதுக்கி, அங்கே குவாரி, கிரஷர், மாசு கக்கும் தொழிற்சாலை கூடாது, ரிசார்ட்டும் பெரிய கட்டடங்களும் கட்டுப்பாட்டோடுதான் என்று விதிப்பது அந்த மண்டலம். பன்னேர்கட்டாவுக்கு 2016ல் வந்த வரைவு அறிவிக்கை 268.96 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியது. 2018ல் புதிய வரைவு வந்தது: 168.84. ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் போய்விட்டது. பெங்களூருவாசிகள் பலர் எதிர்த்து மனு அனுப்பினார்கள், ஊர்வலம் போனார்கள். 2020 மார்ச்சில் இறுதி அறிவிக்கை அதே குறைந்த அளவிலேயே வெளியானது. மண்டலத்தின் அகலம் இடத்துக்கு இடம் 100 மீட்டரிலிருந்து 1 கிலோமீட்டர் வரை. பாதுகாப்பு எங்கே அதிகம் வேண்டுமோ, நகரம் முட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பக்கத்தில்தான் அது மெலிந்திருக்கிறது. 100 மீட்டர் என்பது ஒரு கூட்டம் யானை வரிசையாக நிற்கும் தூரம். தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் சொன்னது. 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தி, தனித்தனி அறிவிக்கை உள்ள இடங்களுக்கு அந்த அறிவிக்கையே பொருந்தும் என்றது. அதனால் பன்னேர்கட்டாவுக்கு அந்தத் தீர்ப்பும் கைகொடுக்கவில்லை.

நிலத்தின் விலைதான் இதற்குக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பன்னேர்கட்டா சாலையிலும் கனகபுரா சாலையிலும் ஆனேக்கல் சுற்றிலும் 'காட்டைப் பார்த்த வீடு' என்று விளம்பரம் செய்து மனை விற்கிறார்கள். வீடு கட்டிக் குடியேறியவர் வாசலில் சிறுத்தை வந்ததும் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார். 2023 இறுதியில் கூட்லு பக்கம் நடமாடிய சிறுத்தை, பிடிக்கும் முயற்சியில் இறந்தே போனது.

இனி கவனிக்க வேண்டியது யானை வழித்தடங்களை. கரடிக்கல்–மாதேஸ்வரா, தளி, பிலிகல்–ஜவளகிரி என்று வல்லுநர்கள் வரைபடத்தோடு அடையாளம் காட்டிய வழிகள் இவை. கரடிக்கல் வழி பூங்காவின் இரு காட்டுத் துண்டுகளை இணைக்கிறது; மற்றவை கர்நாடகக் காட்டைத் தமிழ்நாட்டுக் காட்டோடு இணைக்கின்றன. பெங்களூரைச் சுற்றிவரும் புதிய வட்டச்சாலையும் இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. வழித்தடத்துக்குள் நிலப்பயன்பாட்டை மாற்றக்கூடாது என்று இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில் அறிவிக்க வேண்டும். அங்கே பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்குச் சந்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். சாலை கடக்கும் இடத்தில் யானைகள் அடியில் நடந்து போகும்படி மேம்பாலமாகவே அதைக் கட்ட வேண்டும். ஒரு மாநிலம் மட்டும் செய்தால் பாதி வழிதான் கிடைக்கும்.

உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் போகிறவர்கள், சஃபாரி முடிந்ததும் சம்பகதாம சுவாமி கோயிலுக்கும் போய் வரலாம். தேசியப் பூங்காவுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அது சுலபமாகக் கிடைக்காமல் இருப்பதே நல்லது.