இடுப்பெலும்பு முறிந்தவரை ஊருக்கு ரயில் ஏற்றலாமா?

முதியவர்கள் வழுக்கி விழும்போது, தொடை எலும்பின் மேல்முனை இடுப்பு மூட்டை ஒட்டி முறிந்துவிடுவது உண்டு. பெரும்பாலும் எழுந்து நிற்க முடியாது. அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும்.

"ஊருக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டுவிடலாம்" என்ற பேச்சு மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் எழுவது உண்டு. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு குலுக்கலும் வேதனை. கழிவறைக்குப் போக முடியாதே என்று நோயாளி தண்ணீரும் குடிக்கமாட்டார்.

தாமதமே ஆபத்து

"இந்த வயதில் ஆபரேஷனைத் தாங்குவாரா?" என்று தயங்குகிறார்கள். ஆனால் அசையாமல் படுத்திருந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்பது பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல்.

இந்தியா உள்பட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தாலும் 24 மணி நேரத்தில் செய்தாலும் உயிரிழப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் விரைவாகச் செய்துகொண்டவர்களுக்கு மனக்குழப்பம் குறைந்தது. சீக்கிரம் எழுந்து நடமாடினர்.

ஆபரேஷனுக்கு முன்

முதல் தேவை வலி நிவாரணம். இடுப்பருகே நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி நல்ல பலன் தரும். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கவும், சர்க்கரைக்கும், இதயத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளைச் சீட்டோடு டாக்டரிடம் காட்ட வேண்டும். எதையும் தாமாக நிறுத்தக்கூடாது.

பொதுவாக ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு உணவையும், 2 மணி நேரம் முன்பு தண்ணீரையும் நிறுத்துவார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனால், "சாப்பிடக் கொடுக்கலாமா?" என்று உடனே கேளுங்கள். முதியவரை நாள் முழுவதும் பட்டினி போடக்கூடாது.

பக்கத்தில் ஒருவர்

மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மராத்தியோ இந்தியோ அறியாத முதியவர், தம்மைச் சுற்றி நடப்பது புரியாமல் மிரண்டுபோவார். என்ன செய்யப் போகிறார்கள் என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, வீட்டார் ஒருவர் எப்போதும் கட்டிலருகே இருக்க வேண்டும்.