ஓர் அங்குல வாட்டம்

“ஆசிட்... பினாயில்... சோப்பாயில்...” மதுரையின் புறநகர்த் தெருக்களில் இந்தக் குரல் கேட்காத வாரம் இருக்காது. வண்டிக்காரரிடம் ஒரு பாட்டில் வாங்கி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்ரூம் தரையைத் தேய்த்தவர் என் அம்மா. அடுத்த வாரமே அந்த வெள்ளைப் படலம் திரும்பி வந்துவிடும். மறுபடியும் ஆசிட், மறுபடியும் பிரஷ்.

கறையை எப்படிப் போக்குவது என்று எல்லா வீட்டிலும் பேசுகிறோம். கறை படியாதபடி எப்படிக் கட்டுவது என்று வீடு கட்டும்போது பேசுகிறோமா? குளியலறையின் சுத்தத்தில் பெரும்பங்கு, கொத்தனார் தரை போடும் அந்த ஒரு நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

உப்பு அல்ல, சுண்ணாம்பு

போர் தண்ணீரை ‘உப்புத் தண்ணி’ என்கிறோம். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆனால் குழாய் முனையில் படியும் வெள்ளைப் பொருக்கு சமையல் உப்பாக இருந்தால் ஒரு குவளைத் தண்ணீரிலேயே கரைந்து போயிருக்கும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மதுரைச் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. மோட்டார் அதை மேலே கொண்டு வந்ததும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் பிரிந்துபோக, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் சுண்ணச் சாந்து இறுகியதும் இதே பொருளாகத்தான். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி கால்சியம் கார்பனேட்டாகிறது. மகாலில் அழகாக நிற்பது நம் வீட்டுக் குழாயில் கறையாக நிற்கிறது.

சோப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. கடின நீரின் கால்சியம் சோப்போடு இணைந்து, நீரில் கரையாத பிசுக்காகிச் சுவரில் ஒட்டுகிறது. அந்தப் பிசுக்கைத் தின்று பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. மூலைகளில் தெரியும் இளஞ்சிவப்பு வழவழப்பும் கறுப்புப் புள்ளிகளும் அவைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலில், குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். உங்கள் போர் தண்ணீர் 500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால் அது ஒரு லிட்டர். தினமும் அந்த ஒரு லிட்டர் அங்கேயே காய்ந்தால், ஆண்டுக்கு 180 கிராம் வரை கல் தரையில் படியும். அதே நீர் வடிந்து ஓடிவிட்டால், கல்லும் அதோடு போய்விடும்.

தண்ணீர் போகும் வழி

நம் ஊர்க் கொத்தனார்கள் இதற்கு ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள்: வாட்டம். எட்டடி நீளத்துக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்தால், நடப்பவர் காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நடுவில் துளை வைத்து நான்கு பக்கமும் சரிப்பதைவிட, கதவுக்கு எதிர்மூலையில் துளை வைத்து ஒரே பக்கமாகச் சரிப்பது எளிது. குளிக்கும் இடத்துக்கும் டாய்லெட் பகுதிக்கும் இடையில் சின்ன மேடோ கண்ணாடித் தடுப்போ இருந்தால், பாதித் தரை நாள் முழுக்க உலர்ந்தே கிடக்கும்.

வாட்டம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்களும் செங்கல் கட்டுமானத்தோடு அமைந்த வடிகால்களும் அகழாய்வில் வெளிப்பட்டன. தண்ணீரைக் கொண்டுவருவதோடு, அதை வெளியேற்றுவதையும் சேர்த்து யோசித்த மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வைகைக் கரையில் வாழ்ந்திருக்கிறார்கள்.

வெளியேறும் வாயில் இருப்பது நஹானி டிராப். அதன் வளைவில் எப்போதும் நிற்கும் சுமார் 50 மில்லிமீட்டர் நீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கும் பூட்டு. இந்த நீர்ப் பூட்டை வளைந்த குழாயாக வடித்து 1775-இல் காப்புரிமை பெற்றவர், லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங். சித்திரை வெயிலில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் பாத்ரூம் நாறுவதற்குக் காரணம் இந்தப் பூட்டு வற்றியதுதான். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். மேல்தட்டு கையால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். முடியை எடுக்க முடியாத வடிகால் எத்தனை வாட்டம் இருந்தாலும் அடைக்கும்.

ஜாயிண்ட் என்னும் பலவீனம்

டைல்ஸின் மேற்பரப்பு சூளையில் உருகிய கண்ணாடிப் பூச்சு. அதில் எதுவும் ஊறாது. அழுக்கு குடியேறுவது டைல்ஸுக்கு இடையிலுள்ள கோடுகளில். அந்தக் கோடுகளை நிரப்பும் சிமெண்ட் கிரவுட் நுண்துளைகள் நிறைந்தது. நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்குத் தருகிறது.

எட்டுக்கு ஐந்தடி குளியலறையில் ஏழடி உயரம் வரை சுவருக்கு ஓரடிச் சதுர டைல்ஸ் ஒட்டினால், ஜாயிண்டுகளின் மொத்த நீளம் நூறு மீட்டரைத் தாண்டும். இரண்டடிச் சதுரம் ஒட்டினால் பாதியாகிவிடும். ஆனால் தரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெரிய டைல்ஸ் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்காது, வழுக்கவும் செய்யும். ஆகவே சுவருக்குப் பெரியது, வழவழப்பானது; தரைக்குச் சிறியது, சற்றே சொரசொரப்பானது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் சமரசம் கூடாது. தரை ஜாயிண்டுகளுக்கு மட்டுமாவது எபாக்சி கிரவுட் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அது நீரை உறிஞ்சாது.

சுவரும் தரையும் சேரும் இடத்தைச் செங்கோணமாக விடாமல் வளைத்துவிட்டால் பிரஷ் எட்டாத மூலையே இருக்காது. மருத்துவமனை அறுவை அரங்குகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கைக்கு எட்டுவது

சுவரில் பதிக்கும் வெஸ்டர்ன் கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே தரை முழுதும் துடைக்கலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் தொட்டி சுவருக்குள் மறைந்திருக்கும். கடின நீரில் வால்வு இறுகும் நாள் வரும். கைவிட்டுச் சரிசெய்யத் திறப்பு இல்லையென்றால், டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். வெந்நீரில் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும் என்பதால் கீசரையும் எளிதில் கழற்றும்படி மாட்டுங்கள். ஷவருக்கு, விரலால் தேய்த்தாலே அடைப்பு உதிரும் ரப்பர் துளைகள் உள்ளது நல்லது.

வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஜன்னல் கட்டாயம் வேண்டும். மதுரையின் வறண்ட காற்று நமக்குக் கிடைத்த வரம். ஈரம் சீக்கிரம் காய்ந்தால் பூஞ்சைக்கு வாழ்வில்லை.

ஆசிட்டைத் தொடுமுன்

ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும். சிமெண்ட் கிரவுட்டிலும் கால்சியம்தான் இருக்கிறது, அதையும் சேர்த்தே கரைக்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஜாயிண்ட் இன்னும் சொரசொரப்பாகி, அடுத்த கறைக்கு இன்னும் வாகாகிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிரைப் பறிக்கும். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில், கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையும் இவை கொல்கின்றன. குழாய்ப் பொருக்குக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்துக் கட்டி அரைமணி நேரம் வைத்தால் போதும். மார்பிளில் மட்டும் அது படக்கூடாது. குளித்து முடித்ததும் வைப்பரால் ஒருமுறை இழுத்துவிட்டால் அதுவும் அடிக்கடி தேவைப்படாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டைல்ஸ் ஒட்டும் முன், தளம் இறுகியதும் கொத்தனாரை வைத்துக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது குட்டையாக நின்றால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். அன்றைக்கு அது அரைநாள் வேலை. விட்டுவிட்டால், அந்தக் குட்டை காயும் இடத்தில் யாரோ ஒருவர் வாரந்தோறும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்ப்பார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாளியை ஊற்றும்போது அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.