ஓடுமுன் நடக்கக் கற்றவர்



நான் ஆசிரியத் தொழிலில் புகுந்த புதிதில், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் மெலிந்த சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். விளையாட்டு வேளையில் பிற மாணவரின் பைகளைக் காக்கும் பணியை அவனுக்கு அளித்தேன். அதனை இரக்கம் என்றே கருதினேன். அது பிழை என்பதைப் பின்னாளில் எனக்கு உணர்த்தியது, வில்மா ரூடால்ஃப் என்னும் ஓட்ட வீராங்கனையின் வரலாறு.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், எளிய கறுப்பினக் குடும்பம் ஒன்றில், 22 குழந்தைகளுள் இருபதாமவராக, 1940இல் வில்மா குறைமாதத்தில் பிறந்தார். இளமையிலேயே போலியோ நோய் அவருடைய இடது காலை வலுவிழக்கச் செய்தது. கறுப்பினத்தாருக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனை ஏறத்தாழ 50 மைல் தொலைவில், நாஷ்வில் நகரில் இருந்தது. தாயார் வாரந்தோறும் மகளைப் பேருந்தில் அங்கு அழைத்துச் சென்றார். வீட்டில் உடன்பிறந்தோர் முறைவைத்து நாள்தோறும் அக்காலைத் தேய்த்துப் பிடித்துவிட்டனர். உலோகத் தாங்கி அணிந்து நடந்த அச்சிறுமி, பன்னிரண்டாம் வயதில் எத்துணையுமின்றி நடந்தார்.

பின்னர் கூடைப்பந்து ஆடினார்; ஓடவும் தொடங்கினார். டஸ்கீகி என்னும் ஊரில் கலந்துகொண்ட முதற்பெரும் போட்டியில் எல்லா ஓட்டங்களிலும் தோற்றார். இயற்கை வேகம் மட்டும் போதாது என்பதை அத்தோல்வி கற்பித்தது. புறப்படும் முறை, கைவீச்சு, இறுதிவரை தளராமை ஆகியவற்றைப் பயிற்சியாளர் எட் டெம்பிளிடம் முறையாகப் பயின்றார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பதினாறாம் வயதில், தொடரோட்டத்தில் வெண்கலம் பெற்றார்.

1960இல் ரோம் நகரில் 100 மீட்டரை 11.0 வினாடியில் கடந்து வென்றார். ஆயினும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. பின்னிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேற்படின் சாதனை செல்லாது என்பது விதி. அன்று காற்று அவ்வளவைக் கடந்திருந்தது. வெற்றிக்கு மட்டும் குறையில்லை. 200 மீட்டரிலும் தங்கம் பெற்றார். நால்வர் தொடரோட்டத்தில் கோல் கைமாறுகையில் தடுமாற்றம் நேர்ந்து பின்தங்கியபோதும், இறுதி ஓட்டத்தில் முந்திச் சென்று மூன்றாவது தங்கத்தையும் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே.

சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் அவருக்கு வரவேற்பளிக்க முற்பட்டது. வெள்ளையரும் கறுப்பினத்தாரும் தனித்தனியே நிற்கும் விழாவிற்குத் தாம் வருவதில்லை என்று உறுதியாக மறுத்தார். அதனால், அவ்வூரில் இரு இனத்தாரும் ஒன்றுகூடிய முதல் விழாவாக அது அமைந்தது. 1962இல், புகழின் உச்சியில், ஓட்டத்திலிருந்து விலகினார். பின்னர் அவ்வூரிலேயே ஆசிரியையாகப் பணிபுரிந்தார். 1994இல் காலமானார்.

என் மாணவனை இன்று எண்ணிப் பார்க்கிறேன். அவனும் வாகை சூடியிருப்பான் என்று நான் கூறவில்லை. பத்தடியேனும் ஓடிப் பார்க்கும் உரிமை அவனுக்கு இருந்தது. கேளாமலே அதனை நான் மறுத்துவிட்டேன். உங்கள் வகுப்பிலும் ஓரமாக அமர்ந்திருப்பவர் எவரேனும் இருப்பின், நாளை மாலை அவரையும் ஆடுகளத்திற்கு அழையுங்கள். பைகள் தாமே இருந்துகொள்ளும்.